ஒண்ணாம் குளத்துக் கொடுவா

கையுறையைக் கழட்டிடாதீங்க மேடம். ஐஸ் பெட்டியில இன்னும் மூணு மீனு இருக்குது. பலகையில கெடக்குறது ஒண்ணாம் குளத்துது, செத்த மீனு. பெட்டியில அதே குளத்துது ஒண்ணு, ரெண்டாம் குளத்துலேர்ந்து உசிரோட புடிச்சது ரெண்டு. நீங்கதான் போன்ல ரெண்டு குளத்துலேர்ந்தும் வேணும்னீங்க. எதுக்குன்னு எனக்கு வெளங்கல. செத்த மீனை அறுத்தா விஷம் தெரிஞ்சிரப் போவுது. நல்லா இருக்குற மீனை எதுக்கு அறுக்கணும்? சரி, படிச்சவங்க, அறுங்க. ஆனா வெரசா அறுங்க. மணி பத்தரை ஆயிப் போச்சு.

பன்னெண்டுக்குள்ள நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயி கையெழுத்துப் போடணும். போடலன்னா நான் புடிச்சுக் குடுத்த குளத்து வேலைக்காரன், அந்தக் கலியபெருமாளை விட்டுடுவாங்களாம். "எத்தனை நேரம்மா ஒரு ஆளைச் சும்மா ஒக்கார வெக்கிறது? மீன் லேப்புலேர்ந்து வர்றவங்ககிட்ட விஷம்னு ரெண்டு வரி எழுதி வாங்கிட்டு வாங்க, கேஸைப் போட்டு உள்ள அனுப்பிடறேன்"னாரு ரைட்டரு. அந்த ரெண்டு வரிக்குத்தான் உங்களை இம்மாந்தூரம் வரச் சொன்னேன். வேற ஒண்ணும் பெருசா எழுத வேணாம்.

அந்தப் பக்கம் பாக்காதீங்க. கேட்டு வாசல்ல நிக்கிறாளே, அவ அவன் பொண்டாட்டி, பூரணி. காலையில ஆறு மணிக்கு வந்தா. அழுவல. மண்ணை வாரித் தூத்தல. ஒரு வார்த்தை பேசல. நிக்கிறா. தூத்தியிருந்தா நானும் பதிலுக்கு நாலு கேட்டுருப்பேன், மனசு ஆறியிருக்கும். ஒக்காருடின்னு நாற்காலி கூட அனுப்புனேன். அதுலயும் ஒக்காரல. யாரை மெரட்டறதுக்கு இப்படி நிக்கிறா? எனக்கு என்னா பயம்?

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது இல்ல? சீர்காழியில எண்ணெய் மில்லு கமலவேணின்னு கேளுங்க, ஆட்டோக்காரன் காசு வாங்காம கொண்டாந்து விடுவான். எங்க அப்பா காலத்து மில்லு. வைத்தியனுக்குக் குடுக்குறதை வாணியனுக்குக் குடுன்னு பழமொழி இருக்குல்ல, அதைக் கடை நெத்தியில பெயிண்டு அடிச்சே வெச்சிருக்கோம். எங்க கடலை எண்ணெயில சுட்ட முறுக்கு மூணு மாசம் கெடந்தாலும் காரல் எடுக்காது. கலப்படம்னு ஒரு சொல்லு, இத்தனை வருஷத்துல எந்த வாயிலேர்ந்தும் வந்தது இல்ல.

இந்தக் குளம் ரெண்டும் என் தம்பியுது. குணசீலன். அவனுக்கு எட்டு வயசுல எங்கம்மா போயிட்டாங்க. வளத்தது நான்தான். என்னைக் கேக்காம ஒரு சட்டை எடுக்க மாட்டான். பத்து வருஷமா இதுல கெண்டை மீனுதான் விட்டுருந்தான். ரோகு, கட்லா. என்னா தீனி? எங்க மில்லுப் புண்ணாக்கும் தவிடும். மீனு ஒண்ணொண்ணும் தூக்க முடியாது, அப்படி வளந்துச்சு. ஒரு நோவு கெடையாது, ஒரு மருந்து கெடையாது. அப்பவே தெரிஞ்சு போச்சு மேடம் எனக்கு, என் மில்லுச் சரக்கு மீனுக்கு ஆவும்னு.

போன வருஷம் மூணு நாளு பயிற்சின்னு எங்கியோ போயிட்டு வந்தான். வந்தவன், அக்கா இந்தத் தடவை கொடுவா விடப் போறேன்னான். சரி, ஆசைப்படுறான், விடட்டும்னுட்டேன். கொடுவா பொல்லாத மீனு. பெருசு சிறுசைத் தின்னுடும். அதனால அப்பப்ப வலையை இழுத்து, பெருசு சிறுசு பாத்துப் பிரிச்சு விடணும். தீனியும் வேற. கருவாட்டுத் தூளு, சோயா மாவு, கொஞ்சம் தவிடு எல்லாம் போட்டு மெஷின்ல உருட்டி, காய வெச்சு, கடைசியா எண்ணெய் தெளிச்சுப் பெரட்டணும். அதுக்குன்னு மீனெண்ணெய் ஒரு கேன் வாங்கியாந்தான் பாருங்க! மூடியைத் தொறந்தான், வீடு பூரா நாத்தம். தூக்கி வெளியில எறிடான்னேன். எண்ணெய் மில்லுக்காரன் வீட்டுல, வெளியிலேர்ந்து எண்ணெய் வாங்குவியாடா? ஊரு சிரிக்காது? நம்ம கடலை எண்ணெயையே ஊத்துன்னேன்.

"அக்கா, பயிற்சியில மீனெண்ணெய்தான்னாங்க. மூட்டைக்கு ஒரு லிட்டரு"ன்னு இழுத்தான். ஒரு தடவைதான் சொன்னான். நான் ஒரு பார்வை பாத்தேன். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. எம்மேல அவ்வளவு மரியாதை அவனுக்கு.

இந்தக் கலியபெருமாளு மீன்புடி போட்டுல போயிட்டிருந்த ஆளு. வலையைச் சுத்தி இழுக்குற வின்ச்சுக் கயித்துல காலு மாட்டி நசுங்கிப் போச்சு. கடலுக்குப் போவ முடியல. இவதான், இந்தப் பூரணிதான், மில்லு வாசல்ல வந்து நின்னா. அன்னிக்கும் இப்படித்தான் பேசாம நின்னா. பாவமேன்னு குளத்து வேலைக்கு வெச்சோம். ரெண்டாம் குளத்துக்குத் தீனி அவன் போடணும். ஒண்ணாம் குளத்துக்கு நான். ஆமாம் மேடம், நானேதான், இந்தக் கையாலதான். தெனம் காலையில மில்லு தொறக்குறதுக்கு முன்னாடி வந்து போட்டுட்டுப் போவேன்.

எவ்வளவு எண்ணெய் ஊத்துவீங்கன்னா கேக்குறீங்க? தம்பி மூட்டைக்கு ஒரு லிட்டருன்னான். நான் மூணு ஊத்துவேன். ஆத்துல போட்டாலும் அளந்து போடும்பாங்க, நான் புள்ளைங்களுக்குப் போடுறதுல அளவு பாக்குறது இல்ல. எழுதிக்கிறீங்களா? எழுதிக்குங்க, நல்லா எழுதுங்க. மொதல் தர கடலை எண்ணெய், மூணு லிட்டரு. மீனு எப்படித் தெரியுமா வந்துச்சு? அறுக்குறீங்களே, பாருங்க வயித்தை. உருண்டைக் கட்டியா இல்ல? ரெண்டாம் குளத்து மீனையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஒட்டிப் போயி கெடக்கும். வர்றவங்க போறவங்க எல்லாம், அக்கா கைராசின்னு சொல்லிட்டுப் போவாங்க.

அதான் அந்தக் கலியபெருமாளுக்குப் பொறுக்கல. வேற என்னா?

இப்ப கேளுங்க கதையை. ரெண்டு மாசம் இருக்கும். ஒரு நாளு வழக்கத்தை விட வெள்ளனவே வந்துட்டேன். பம்பு ஷெட்டுக்குப் பின்னாடி இவன் குத்த வெச்சு ஒக்காந்து, ஒரு நீலக் கேனைச் சாச்சு, ரெண்டாம் குளத்துத் தீனியில ஊத்திக் கையால பெரட்டிட்டு இருக்கான். பெரட்டுனவன் கேனை மூடி, சாக்குக்கு அடியில ஒளிச்சு வெக்கிறான். என் கண்ணால பாத்தேன். நான் ஒண்ணும் கேக்கல. கையும் களவுமா புடிக்கணும்னு வாயை மூடிட்டு இருந்தேன். அவன் போனதும் ஷெட்டுக்குள்ள பூந்து பாத்தா, ரெண்டாம் குளத்துக்குன்னு நான் குடுத்து விட்ட கடலை எண்ணெய் டின்னு அஞ்சும் அப்படியே இருக்கு. மூடி கூடத் தொறக்கல. எத்தனை நெஞ்சழுத்தம் பாருங்க. விக்கிறதுக்குத்தானே சேத்து வெச்சிருக்கான்? இன்னும் விக்கலியான்னா... விக்கல. சமயம் பாத்துட்டு இருந்துருப்பான்.

கேனை மோந்து பாத்தேனாவா? பாத்தேன், ஏன் பாக்கல? மீனெண்ணெய் நாத்தம்தான் அடிச்சுது. அதுலதான் மேடம் சூட்சுமமே இருக்கு. மருந்து வாசனை வெளிய தெரியாம இருக்க மீனெண்ணெயில கலந்துருக்கான். நான் என்ன சின்னப் புள்ளையா, இது தெரியாம இருக்க?

போன ஞாயித்துக்கிழமை ரெண்டாம் குளத்துல வலை இழுத்தோம். நாலு வலைக்காரங்க, கலியபெருமாளு, என் தம்பி. ஒரு மீனு சாவல. துள்ளிக்கிட்டு ஓடுச்சு. திங்கக்கிழமை ஒண்ணாம் குளம். அதே வலை, அதே ஆளுங்க. இழுக்குறப்பவே மீனு சோந்து போயி சாஞ்சுது. கொழுத்த மீனு, நகர முடியலன்னு நான் சிரிச்சேன் மேடம், கரையில நின்னுக்கிட்டு. சாயங்காலம் கரையோரமா வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுச்சு. செவ்வாக்கிழமை காலையில வந்து பாக்குறேன், குளம் பூரா வெள்ளை. வயித்தைக் காட்டிட்டு மெதக்குது. ஐயோ, நான் போட்ட தீனிக்கு வாலை ஆட்டிட்டு வருமே, அந்த மீனு அத்தனையும். அந்தத் தண்ணியில எறங்கி நின்னுட்டேன். புடவையெல்லாம் நனைஞ்சு, என்னைத் தூக்கியாந்துதான் கரையில விட்டாங்க.

அப்பத்தான் எனக்கு நீலக் கேன் ஞாபகம் வந்துச்சு. நேரா போனேன். சாக்கை ஒதறுனேன். கேனை எடுத்து எல்லாரு முன்னாலயும் வெச்சேன். வலைக்காரங்க நாலு பேரும் இருந்தாங்க. பூரணியும் காலைக் கஞ்சி எடுத்துட்டு வந்து நின்னா. கலியபெருமாளு கன்னத்துல ரெண்டு வெச்சேன். உப்புப் போட்டுத் திங்கிற ஒடம்பாடா இதுன்னேன். "அது மீனெண்ணெய்க்கா"ன்னான். அவ்வளவுதான். யாருடா வாங்கிக் குடுத்தான்னு கேட்டேன். திருடனுக்குத் தேள் கொட்டுன மாதிரி முழிச்சுக்கிட்டு நின்னான். குத்தம் இல்லாதவன்னா சொல்லிருப்பான்ல? என் தம்பிதான் பாவம், மீனு போன துக்கத்துல மொகமெல்லாம் வேர்த்துப் போயி நின்னான்.

என்னா கேட்டீங்க? அவன் மருந்து ஊத்துனது ரெண்டாம் குளத்துத் தீனியிலதானே, செத்தது ஒண்ணாம் குளம்தானேன்னா? இதைத்தான் மேடம் அந்த ரைட்டரும் கேட்டாரு. எல்லாரும் ஒண்ணையே கேக்குறீங்க. நம்ம கண்ணுல மண்ணைத் தூவத்தான் அங்க ஊத்துற மாதிரி காட்டிட்டு இங்க வந்து கொட்டிருப்பான். கொட்டுனதை நான் பாக்கல. பாக்கலன்னா நடக்கலன்னு ஆயிடுமா?

நண்டா? ஆமாம், ஒண்ணாம் குளத்துல நண்டு இருக்கு. இப்பக் கூட ஓடுது, வாங்க காட்டுறேன். சின்ன எறா கூடக் கரையோரம் துள்ளிட்டுத்தான் இருக்கு. விஷம்னா மொதல்ல அதுதான் சாவுமா? தெரியலியே. நண்டுக்கு ஆயுசு கெட்டியா இருக்கும். நீங்க ஏன் மேடம் சுத்திச் சுத்தி இதையே கேக்குறீங்க? உங்களை அவன் ஆளுங்க யாராச்சும் பாத்தாங்களா? கோவிச்சுக்காதீங்க. மனசு சரியில்ல. ரெண்டு நாளா தூங்கல.

கண்ணாடி கிளாஸா? ரெண்டா? இந்தாங்க, தண்ணியும் இருக்கு. எவர்சில்வரு ஆவாதா? சரி, உள்ள இருக்குறது தெரியணும்ங்கிறீங்க. ஊத்திட்டேன்.

ஐயய்ய, இது என்னா மேடம்? ஈரலா இது? மீனு ஈரலு செவப்பா, பழுப்பா இல்ல இருக்கும்? இது வெண்ணெய் கணக்கா வெளுத்துக் கெடக்கே. கொடலைச் சுத்தியும் வெள்ளை வெள்ளையா. அதெல்லாம் கொழுப்பா? விஷம் தின்னா இப்படி ஆவுமில்ல? ஆவாதா? என்னா பண்றீங்க, கிளாஸுல போடுறீங்க?

மெதக்குது.

சரி, மெதக்குது. மெதந்தா என்னா? அது ஐஸுல கெடந்ததால இருக்கும். இன்னொண்ணை எடுங்க, ஒண்ணாம் குளத்துதுதான், அதையும் அறுங்க. ஒரு மீனை வெச்சு ஒண்ணும் சொல்லாதீங்க. அதுவும் வெளுப்பா? போடுங்க கிளாஸுல. இதுவும் மெதக்குது.

ரெண்டாம் குளத்து மீனை எடுங்க இப்ப. ஒட்டிப் போன மீனு, அது ஈரலு இதைவிட மோசமாத்தான் இருக்கும், பாருங்க. இந்தாங்க கத்தி. மேடம், நீங்க அந்த மீனை மாத்தி எடுத்துட்டீங்களா? இது செவப்பா இருக்கே. மாத்தலியா? போடுங்க அதையும்.

முங்கிடுச்சு. கல்லு மாதிரி அடியில போயி ஒக்காந்துடுச்சு.

இருங்க, ஒண்ணும் சொல்லாதீங்க. சொல்லாதீங்கன்னா கேளுங்க. நான் கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கிறேன்.

இப்ப சொல்லுங்க. என்னா? கெண்டைக்கு ஆவும், கொடுவாவுக்கு ஆவாதா? அது எப்படி மேடம், ரெண்டும் மீனுதானே? கெண்டை பாசியையும் தவிட்டையும் தின்னு வாழுற சாதி, வெதை எண்ணெயை உள்ள வாங்கி, தனக்கு வேணுங்கிற கொழுப்பா அதுவே மாத்திக்கும். கொடுவா மீனைத் தின்னு வாழுற சாதி, அதுக்கு வேணுங்கிற கொழுப்பு மீனுலயே தயாரா கெடைச்சு வந்ததால, மாத்துற வேலை அது ஒடம்புக்குத் தெரியாது. அப்படித்தானே சொல்றீங்க? அதுலயும் மூணு பங்கு ஊத்தவும், செலவழிக்க முடியாம அத்தனையும் கொழுப்பா ஈரல்ல போயி அடைஞ்சுக்கும், அதான் மெதக்குது. பாக்க மினுமினுன்னு இருக்கும், உள்ள தெம்பு இருக்காது. வலை இழுக்குற அலைச்சலைத் தாங்காது. அவ்வளவுதானே? வெளங்குது. நான் மரமண்டை இல்ல.

லேப்புல பாத்துதான் முடிவா சொல்லணும்னு நீங்களே சொல்றீங்கல்ல? அப்ப இன்னும் முடிவு இல்ல. இல்ல? இப்போதைக்கு விஷம்னு ஒரு வரி எழுதிட்டு, அப்புறமா லேப்புல வேற மாதிரி வந்தா மாத்திக்கலாமே. முடியாதா? ஏன் முடியாது? ஒரு ஆளு ஜெயிலுக்குப் போறதுன்னா... சரி சரி, கத்தாதீங்க. கேட்டு வாசல்ல நிக்கிறவ காதுல விழப் போவுது.

மணி என்னா? பதினொண்ணரையா?

என் எண்ணெயில கலப்படம் கெடையாது மேடம். அதை மட்டும் நல்லாக் கேட்டுக்குங்க. சுத்தமான எண்ணெய். ஒத்துக்காததுக்கு எண்ணெய் என்னா பண்ணும்?

இருங்க, தம்பிக்கு ஒரு போன் போடுறேன். ஸ்டேஷன்லதான் இருக்கான், அந்தக் கலியபெருமாளு பக்கத்துலயே. அலோ, குணா? ஆமா, வந்துட்டாங்க. பாத்துட்டாங்க. விஷம் இல்லியாம்டா. ஏதோ தீனி ஒத்துக்கல, அது இதுங்கிறாங்க. அதை விடு. நீ என்னா பண்ற, ரைட்டருகிட்ட சொல்லு, அக்கா போனாப் போவுதுன்னு மன்னிச்சு விட்டுட்டாங்கன்னு. அவனை ஒரு மன்னிப்புக் கடுதாசி மட்டும் எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பச் சொல்லு. நாளையிலேர்ந்து வேலைக்கும் வரலாம்னு சொல்லு.

ஏன் மேடம் என்னை அப்படிப் பாக்குறீங்க? மன்னிக்கிறேன்னுதானே சொன்னேன்? இதைவிட ஒரு மனுஷி என்னா எறங்கி வர முடியும்?

என்னாது? மாட்டேங்கிறானா? செய்யாததுக்கு எழுதித் தரமாட்டேன், வேணும்னா உள்ள போறேங்கிறானா? என்னா திமிரு! சோத்துக்கு வழியில்லாம வந்தவனுக்கு இம்மாம் வீறாப்பா? போவட்டும்டா உள்ள! போயி களி திங்கட்டும்! நான் இப்பவே வந்து கையெழுத்துப் போடுறேன், லேப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம்...

ஏண்டா அழுவுற? குணா? டேய், ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு ஏண்டா அழுவுற? என்னா சொல்ற? சத்தமாச் சொல்லு.

நீயா?

வெச்சிட்டான் மேடம். இல்ல, நான்தான் வெச்சேன். இந்த நாற்காலியை இப்படித் தள்ளுங்க.

அவன்தானாம் மேடம். அந்த நீலக் கேனை வாங்கியாந்தது என் தம்பியாம். ஒண்ணாம் குளத்துல அக்கா நிக்கிறாங்க, அங்க ஒண்ணும் பண்ண முடியாது, ரெண்டாம் குளத்து மீனையாவது காப்பாத்துவோம்னு வாங்கியாந்து கலியபெருமாளுகிட்ட குடுத்தானாம். அக்காகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதன்னானாம். அவன் சரின்னானாம். சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டான். நான் அடிச்சப்பவும் காப்பாத்துனான். யாருடா வாங்கிக் குடுத்தான்னு நான் கேட்டப்ப, அவன் என் தம்பி மொகத்தைத்தான் ஒரு தடவை பாத்தான். பாத்தது எனக்கும் தெரிஞ்சுது மேடம். சத்தியமா தெரிஞ்சுது. காப்பாத்துங்கன்னு கெஞ்சுறான்னு நெனச்சுக்கிட்டேன்.

ஏண்டா எங்கிட்ட சொல்லலன்னேன். "பயமா இருந்துச்சுக்கா"ங்கிறான். நாப்பத்தி ரெண்டு வயசு மேடம் அவனுக்கு. கல்யாண வயசுல பொண்ணு இருக்கு. ஒரு கேன் மீனெண்ணெய் வாங்குனதைச் சொல்லப் பயந்துகிட்டு, ஒரு குடும்பஸ்தன் ஜெயிலுக்குப் போறதை வேடிக்கை பாத்துட்டு நிக்கிறான். நான் அப்படியா இருக்கேன்? அம்மா இல்லாத புள்ளைன்னு, கண்டிச்சு வளக்கணும்னு வளத்தேன். அவன் தப்பா வளந்துடக் கூடாதுன்னுதான்... சொல்லுங்க மேடம், நான் அவ்வளவு பொல்லாதவளா? கத்தியைக் கழுவுற சாக்குல திரும்பிக்கிறீங்க. பாத்து ஒரு மணி நேரந்தானே ஆச்சு. அதுக்குள்ள உங்களுக்கும் பயம் வந்துடுச்சா?

வெக்கமா இருக்கு மேடம்.

பூரணி! ஏ பூரணி! இங்க வா. உள்ள வாடி. வரமாட்டா. சரி, நான் வரேன். மேடம், நீங்களும் கூட வாங்க. தனியா என்னால முடியாது.

இந்தா பாரு பூரணி. உன் புருஷன் ஒண்ணும் பண்ணல. மேடம் அறுத்துப் பாத்துட்டாங்க. எண்ணெய் சேரல அந்த மீனுக்கு, அதனால... அதனால அது தானா...

என்னா சொன்ன? திருப்பிச் சொல்லு.

கேட்டீங்களா மேடம்? காலையிலேர்ந்து வாயைத் தொறக்காதவ கேக்குறா, "எண்ணெயை ஊத்துனது யாருக்கா?"ன்னு.

நான்தான். நான்தான்டி ஊத்துனேன். தம்பி சொன்னதைக் கேக்காம நான்தான் மூணு லிட்டரு ஊத்துனேன். மீனைக் கொன்னது நான். உன் புருஷனை அடிச்சது தப்பு. போதுமா?

போதாதுங்கிறா. தலையை ஆட்டுறா பாருங்க. "அவரு அங்க ஒக்காந்திருக்காரு, இதை எங்கிட்ட சொல்லி என்னா பண்றது?"ங்கிறா. நியாயந்தான். ஸ்டேஷன்லதான் சொல்லணும், ரைட்டரு முன்னாடி, அவன் முன்னாடி. அவன் எழுத மாட்டேன்ன கடுதாசியை நான் எழுதிக் குடுக்கணும். அடிக்கிறப்ப பாத்துட்டு நின்ன வலைக்காரங்க நாலு பேருக்கும் போன் பண்ணி அங்க வரச் சொல்லணும். எனக்கே தெரியுது மேடம், நீங்க எடுத்துக் குடுக்க வேணாம்.

மணி பன்னெண்டுக்குப் பத்து. உங்க ஜீப்புல எடம் இருக்கா? இவளையும் ஏத்திக்குங்க. இவ எம்பக்கத்துல ஒக்காரட்டும். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடுறேன் மேடம், டிரைவருகிட்டயும் சொல்லி வெச்சிருங்க. பாதி வழி போனதும் வண்டியைத் திருப்புன்னு நான் கத்துவேன். கண்டிப்பாக் கத்துவேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும். காதுல வாங்காம ஓட்டச் சொல்லுங்க.